அளவுக்கு வராத வெண்டைக்காய்

அந்த வருசம் சித்திரைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, வெயிலைக் கண்ணிலேயே காட்டவில்லை. உடுமலைக்குத் தெற்கே, மலையடியில் இருக்கிற ஊர் அது. மற்ற வருசமென்றால் கத்திரி தொடங்கியதும் கோழிகூட நிழலை விட்டு நகராது. இந்த வருசமோ மலைமேல் மேகம் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். காலையில் தூத்தல், மதியம் மூட்டம், சாயங்காலமானால் குளிர்காற்று. கம்மங்கூழ் விற்கப் போட்ட பந்தலில் சுக்குக்காப்பி விற்றார்கள். வடகத்துக்கு மாவு கிளறியவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள்.

இத்தனை குளிரிலும் ஒருத்தருக்கு மட்டும் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர்தான் சென்னியப்பன்.

வயசு அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருசம் சர்வேயர் உத்தியோகம். எல்லைக்கல் அரை அடி தள்ளி இருந்தால் பிடுங்கி மறுபடி நடச் சொல்கிற ஆள். ரிட்டையர் ஆன பிறகாவது மனுசன் அடங்கினாரா? அடங்கவில்லை. தட்டில் தோசை வட்டமாக இல்லாவிட்டால் கூட ஒரு பார்வை பார்ப்பார்.

அன்றைக்குக் காலையில் அவர் செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றாமல் மில்லம்மா வீட்டுக்குள் நுழைந்தார். ஒரு செருப்பு வாசலில், இன்னொன்று படியில்.

மில்லம்மா என்கிறது அவருடைய குரு. பெயர் வேலாத்தாள். அவரைவிட இருபது வயது சின்னவர். முன்னால் மாவு மில் நடத்தியவர், இப்போது மில்லை மூடிவிட்டார். அந்த மில் தரையில் வந்து உட்காருகிறவர்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. குரு என்றதும் தாடியும் காவியும் தேடுகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் பாதி திட்டாக இருக்கும்.

சென்னியப்பன் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட கதையே ஒரு வேடிக்கை. மூன்று வருசத்துக்கு முன்னால் அவருடைய அம்மா இறந்தார். தம்பி திருமூர்த்தி வீட்டில்தான் அம்மா இருந்தது. அண்ணன் தம்பிக்குள் அதற்கு முன்னாலேயே ஒரு சின்ன மனஸ்தாபம். அந்த வீம்பில், அம்மா ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைத் தம்பி அண்ணனுக்குச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டான். சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. சென்னியப்பன் பஸ் பிடித்து ஓடிப் போனபோது மயானத்தில் புகைதான் இருந்தது. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க முடியவில்லை.

அந்தக் கோபத்தோடு அவர் எத்தனையோ பேரிடம் போனார். எல்லோரும் மறந்துடுங்க, விட்டுடுங்க என்றார்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் போனபோது இருந்ததைவிட அதிகக் கோபத்தோடு திரும்பினார். வேலாத்தாள் மட்டும்தான் முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க தம்பி செஞ்சது தப்புதான். நானா இருந்தா விளக்குமாத்தைக் கையில எடுத்திருப்பேன்" என்றார். சென்னியப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் வேறெங்கும் போகவில்லை.

"அம்மா, நாயமுங்களா இது?" என்றார் இப்போது, உள்ளே வந்த வேகத்தில்.

வேலாத்தாள் பழநிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தார். பையில் இருந்த துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"எது?"

"அவன் போன் பண்ணுனானுங்க. இன்னைக்கு விடிஞ்சதும் விடியாததுமா."

"திருமூர்த்தியா?"

"அவனேதானுங்க. மூணு வருசம் கழிச்சு. சரி, மனசு இளகிருச்சு போலிருக்குது, மன்னிப்புக் கேக்கத்தான் கூப்புடறான்னு நெனச்சு எடுத்தேன். என்ன கேட்டான்னு நெனைக்கறீங்க?"

"சொல்லுங்க."

"'அண்ணா, உங்க பக்கமும் தூத்தல் இருக்குதுங்களா'ன்னு கேக்கறானுங்க! தூத்தலாம் தூத்தல்! பெத்தவ மூஞ்சியப் பாக்க உடாமப் பண்ணுன படுபாவி, மழை பெய்யுதான்னு விசாரிக்கறான். இந்தக் குளுருக்கு முழங்காலு எப்படி இருக்குதுன்னு வேற இழுத்தான். அதுக்குள்ள நான் போனக் கட் பண்ணீட்டேன்."

சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்கால் நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்தது. அந்த வலியும் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

"இதுக்கு முன்னால கூப்புட்டிருக்கானா?"

"கூப்புட்டதில்லைங்க. மொத வருசம் ஆள்கிட்ட எளநி குடுத்துவிட்டான். திருப்பி அனுப்பீட்டேன். போன வருசம் ஒருநாள் கேட்டுக்கு முன்னால வந்து நின்னான். கொய்யா மரம் நல்லாக் காச்சிருக்குதேன்னான். உள்ள போயிக் கதவைச் சாத்தீட்டேன்."

"அவன் என்ன பண்ணணும்கறீங்க?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் மூன்று வருசமாகத் தயாராக இருந்தது. "மாரியம்மன் கோயில் முன்னால நிக்கணும். சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கணும். 'நான் பண்ணுனது தப்பு, அண்ணனுக்குத் துரோகம் பண்ணீட்டேன்'னு வாயத் தொறந்து சொல்லணும். என்ற கால்ல உழுகணும். அதுல ஒரு அங்குலம் கொறஞ்சாலும் எனக்கு வேண்டாமுங்க."

"அவன் பொண்டாட்டி ஏதோ சொன்னதாச் சொன்னீங்களே, போன மாசம்."

சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சொன்னாளுங்க. 'அவரு இன்னொரு தடவை பேசிப் பாப்பாரு மாமா, அதோட சரி, அப்புறம் உங்க வாசப்படி மிதிக்க மாட்டாரு'ன்னு கடைவீதியில வெச்சுச் சொன்னா. போகட்டும்ங்க. என்ன கெட்டுப்போச்சு? எனக்குத் தம்பியே இல்லைன்னு இருந்துக்கறேன்."

அப்படிச் சொன்னாரே ஒழிய, சொன்ன பிறகு சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். வேலாத்தாள் அதைப் பார்க்காமல் இல்லை.

துணியை மடித்து முடித்தார். பிறகு, "வெண்டைக்காய் எங்க?" என்றார்.

"எதுங்க?"

"வெண்டைக்காய். நான் போறப்போ என்ன சொல்லீட்டுப் போனேன்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சு நாலு வீட்டுக்குக் குடுங்கன்னு சொன்னேனா இல்லையா? நேத்து வந்ததுல இருந்து பாக்கறேன், பக்கத்து வீட்டுல ஒருத்தரும் வெண்டைக்காயப் பத்தி வாயத் தொறக்கல."

"அது இன்னும் அளவுக்கு வரலீங்க" என்றார் சென்னியப்பன்.

வேலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூலையில் கிடந்த பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்கு நடந்தார். சென்னியப்பன் பின்னால் போனார். தன் நாயத்தைப் பாதியில் விட்டுவிட்டு இந்த அம்மாள் காய்கறிக்குப் போகிறாரே என்று அவருக்கு உள்ளுக்குள் எரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் அஞ்சு சென்ட் தோட்டம். அதைச் சென்னியப்பனிடம்தான் விட்டிருந்தார். விட்டதும் அவர் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? மூங்கில் சீவி நாலு குச்சி செய்தார். வெண்டைக்கு ஆறு அங்குலம். கொத்தவரைக்கு நாலு. கத்திரிக்கு ஒரு குச்சி, மிளகாய்க்கு ஒரு குச்சி. எந்தக் காய் எந்த நீளத்தில் பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு குச்சியிலும் பேனாவால் எழுதி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஆணியில் மாட்டிவைத்தார். போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் அந்தக் குச்சி சொன்னபடி காய் வந்தது. ஊரே அசந்து போனது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த வருசம் செடிகள் ஈரத்தில் நின்றன. இலையெல்லாம் கருகருவென்று இருந்தது. ஒவ்வொரு கணுவிலும் காய் தொங்கியது. ஆனால் குச்சி நீளத்துக்கு ஒன்றுகூட இல்லை.

"பறிங்க" என்றார் வேலாத்தாள்.

"அம்மா, நாலரை அங்குலம்தானுங்க இருக்குது. இன்னும் ஒரு வாரம்..."

"பறிங்கங்கறேன்ல!"

சென்னியப்பன் முழங்கால் வலியோடு குனிந்து குனிந்து பறித்தார். காம்பு லேசில் விடவில்லை. முறுக்கித் திருகி இழுக்க வேண்டியிருந்தது. சுனை குத்தி விரலெல்லாம் அரித்தது. மேலே இருந்து தூத்தல் வேறு பிடித்துக்கொண்டது. ஒரு பாத்தி முடிந்து இரண்டாவது பாத்தி முடிவதற்குள் அவர் தம்பியை மட்டுமல்ல, சித்திரையை, மேகத்தை, வெண்டைச்செடியைக் கண்டுபிடித்தவனை, எல்லோரையும் மனதுக்குள் வைது தீர்த்திருந்தார்.

கூடை நிறைந்தது.

வேலாத்தாள் மேலாக இருந்த ஒரு காயை எடுத்தார். சந்தையில் எந்தப் பெண்பிள்ளையும் செய்கிற மாதிரி கட்டை விரலை நுனியில் வைத்து அழுத்தினார். நுனி ஒடியவில்லை. வளைந்தது. கீழே போட்டார். இன்னொன்று எடுத்தார். அதுவும் வளைந்தது. கீழே போட்டார். மூன்றாவது, நாலாவது, பத்தாவது, எல்லாம் கயிறு மாதிரி வளைந்து கொடுத்தன.

"பாத்தீங்களா?"

"அது எப்படிங்க? அளவுக்கே வரலியே, அதுக்குள்ள எப்படி முத்தும்?"

"வெயில் இல்லாத வருசம் காய் எந்தக் காலத்துலய்யா நீளும்? இவ்வளவுதான் நீளும். நீளாட்டியும் உள்ள முத்தறது முத்தீட்டேதான் இருக்கும். உங்க குச்சிக்கு வருமா வருமான்னு பாத்துட்டு நின்னீங்களா? நல்லாப் பாருங்க செடிய. பூ இருக்குதா?"

சென்னியப்பன் பார்த்தார். பத்து நாளைக்கு முன்னால் மஞ்சளாக மலர்ந்து கிடந்த பாத்தி. இப்போது பூவே இல்லை.

"காயப் பறிக்காம முத்த விட்டா, செடி தன்ற வேலை முடிஞ்சுதுன்னு பூக்கறத நிறுத்திக்கும். அது உங்ககிட்ட வந்து சொல்லீட்டெல்லாம் நிறுத்தாது." வேலாத்தாளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மூக்கு நுனி சிவந்திருந்தது. "நாலு வீட்டுச் சாப்பாடு! விதை போட்டு, எருப் போட்டு, இந்தக் குளுருல அது எப்படியோ தெம்பு கட்டிக் காச்சு நின்னிருக்குது. ஒண்ணையாவது தொட்டுப் பாத்தீங்களா? குச்சியத்தான வெச்சு வெச்சுப் பாத்தீங்க!"

"என்னைய எதுக்குங்க திட்டறீங்க?" சென்னியப்பனுக்கும் தாங்கவில்லை. குருவிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "வெயிலு வராததுக்கு நானுங்களா பொறுப்பு? வெண்டைக்காய்னா ஆறு அங்குலம் இருக்கணுமுங்க. போன வருசம் இருந்துதா இல்லியா? நாலு அங்குலத்துல பறிச்சுக் குடுத்தா ஊருல சிரிக்க மாட்டாங்களா? நான் என்ன தூங்கீட்டா இருந்தேன்? தினமும் ரெண்டு வேளை வந்து பாத்தேன். எனக்கு இல்லாத அக்கறையா?"

"அக்கறை இல்லைன்னு ஆரு சொன்னா?"

வேலாத்தாள் செடிகளுக்குள் போனார். ஒவ்வொரு செடியாக இலையை விலக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தார். வேலி ஓரத்துக் கடைசிச் செடியில் நின்றார். உச்சிக் கொழுந்துக்குக் கீழே, இலை மறைவில், ஒரு பிஞ்சு இருந்தது. சுண்டு விரல் நீளம்கூட இல்லை. அதைப் பறித்து நுனியைக் கட்டை விரலால் தள்ளினார்.

டக்கென்று ஒடிந்தது.

ஒடிந்த நுனியை வாயில் போட்டுக்கொண்டார். மீதியை அவர் கையில் கொடுத்தார். சென்னியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனூண்டு" என்றார்.

"தின்னுங்க."

தின்றார். பச்சைக் காய்தான். இளசாக, லேசான இனிப்போடு, கொழகொழவென்று நாக்கில் கரைந்தது. இன்னொன்று இருக்குமா என்று அவர் கண் செடிமேல் தேடியது. இல்லை.

"கூடையத் தூக்கீட்டு வாங்க."

"இதை மாட்டுக்குப் போட்டுரலாமுங்களே."

"மாட்டுக்கு அப்புறம். மொதல்ல நீங்க."

வேலாத்தாள் அந்த முற்றல் காயில் ஒரு சேர் அளவு எடுத்துச் சமையல்கட்டில் அவர் முன்னால் கொட்டினார். அரிவாள்மனையைத் தள்ளினார். சென்னியப்பன் அரிந்தார். அரிவாள்மனை கத்தியது, காய் அறுபடவில்லை, நாராக இழுத்துக்கொண்டு வந்தது. வேலாத்தாள் கடுகு தாளித்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு, குறை வைக்காமல் வதக்கினார். தேங்காய்கூடத் துருவிப் போட்டார். மணம் நன்றாகத்தான் இருந்தது. சோற்றைப் போட்டு, பொரியலைத் தட்டு நிறைய வைத்து, "சாப்பிடுங்க" என்று எதிரில் உட்கார்ந்தார்.

சென்னியப்பன் ஒரு வாய் வைத்தார். மென்றார். மென்றார். காரம் போனது, உப்புப் போனது, தேங்காய் போனது, வாயில் நார் மட்டும் நின்றது. துப்பலாமா என்று பார்த்தார். குரு எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாரை ஒதுக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அடுத்த வாய் வைத்தார்.

மூன்றாவது வாய்க்கு மேல் முடியவில்லை. தட்டைத் தள்ளினார்.

"எறங்கலீங்க."

"எறங்காது."

வெளியே தூத்தல் பெரிய மழையாகிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சட்டைப்பையில் போன் கனமாக இருந்தது. காலையில் கட் பண்ணியதிலிருந்து அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடிக்காதது அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அந்த மூதேவி மறுபடி கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்தது. அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. கடைசி முகம் அல்ல, அதைத்தான் அவர் பார்க்கவே இல்லையே, வேறு ஏதோ ஒரு நாள் முகம். கண்ணில் நீர் முட்டியது. அதையும் மிளகாய்க் காரம் என்று வைத்துக்கொண்டு துடைத்தார்.

"அம்மா."

"ம்."

"அவன் பண்ணுனது தப்புங்க."

"தப்புதான். அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்னைக்கும் அதைத்தான் சொல்றேன்."

"என்ற அம்மா மூஞ்சி இனி எனக்குக் கெடைக்காதுங்க."

"கெடைக்காது."

"அப்புறம் நான் எப்படிங்க அவனோட பேசறது? கோயில் முன்னால வந்து நிக்கட்டும், எல்லாத்தையும் மறந்து அந்த எடத்துலயே கட்டிப் புடிச்சுக்கறேன். நெஜமாத்தான் சொல்றேனுங்க. அதுக்குத்தான மூணு வருசமாக் காத்துட்டிருக்கறேன். ஆனா அவன் ஒரு நாளாவது மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொன்னானுங்களா? தப்புன்னு ஒரு வார்த்தை? எளநின்னான், கொய்யான்னான், இன்னைக்குத் தூத்தலுன்னான், முழங்காலுன்னான். இத்தனூண்டு இத்தனூண்டு பேச்சு. இதையெல்லாம் ஒரு பேச்சுன்னு எப்படிங்க எடுத்துக்கறது?"

வேலாத்தாள் எழுந்து அவர் தட்டை எடுத்தார். வாசல் வரைக்கும் போய், நின்று, திரும்பினார்.

"அதுல ஒண்ணையாவது ஒடிச்சுப் பாத்தீங்களா, சர்வேயரே?"